கொடுக்காப்புளி மரத்தைத் தேடிய கட்டளை

கறுப்புத் திரை – வாரப் பத்தி

"அண்ணே, தாத்தா எழுதுனது பூராவும் இங்கிலீஸாப் போச்சுண்ணே. கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு போன். பேசிய தம்பி கோச்சடையில் இருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்காரர். கம்ப்யூட்டர் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவரே கூப்பிடுகிறார் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது என்று கிளம்பிவிட்டேன்.

மேலக்கால் ரோட்டில் போய், அய்யனார் கோயிலின் பெரிய குதிரைச் சிலைகளைத் தாண்டி, ஒரு சந்துக்குள் வீடு. திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே மேசையில் ஒரு பழைய சிடி. மேலே மார்க்கர் பேனாவில் 'என் ஊர்' என்று எழுதியிருந்தது.

தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு கோச்சடையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி, இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் செய்து வைத்திருந்தார். சில அத்தியாயங்களைச் சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா டைப் செய்து மெயிலில் அனுப்பினாராம். எல்லாம் சேர்த்து 61 கோப்புகள். தாத்தா இறந்து வருகிற மாதம் ஒரு வருடம். முதலாமாண்டு நினைவு நாளில் அதைப் புத்தகமாகப் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வீட்டார் ஆசை. அச்சகத்தில் 'யூனிகோடில் கொடுங்கள்' என்கிறார்கள். சிடியைத் திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை.

தம்பி திரையைக் காட்டினார். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் பெரிய என், எஃப், ஹெச், ஆர், ஒரு அரைப்புள்ளி, மறுபடி ஆர், ஐ, எல்.

"இது என்ன பாஷைப்பா?" என்றார் அப்பத்தா, வாசலில் இருந்தபடியே.

"கோச்சடைதான் அப்பத்தா. பாமினியில எழுதியிருக்கு" என்றேன்.

"எல்லாத்தையும் அப்புறம் பாருங்க. கொடுக்காப்புளி மரத்தப் பத்தி என்னமோ எழுதியிருக்கேன்னாரு. மொதல்ல அதத் தேடிக் குடுங்கப்பா" என்றார் அவர். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

இந்த வாரப் பத்தி அந்த மரத்தைத் தேடிய கதை. உங்கள் வீட்டிலும் பழைய சிடி, பழைய பென்டிரைவ், கோயில் கும்பாபிஷேக மலர், சங்கக் கணக்கு என்று ஏதாவது இருக்கும். அதற்கும் இதே வழிதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு வழக்கமான குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், லினக்ஸ் அதற்கு முகம் சுளிக்காது.

ஏன் தமிழ் இங்கிலீஷாகிறது?

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துக்கு ஒரு 'பைட்' இடம்தான். அதில் 256 எண்களுக்கு மேல் அடங்காது. அதில் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. அதனால் எழுத்துரு செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை வைத்துக்கொண்டு, அதன் படத்தை மட்டும் தமிழாக மாற்றினார்கள். பாமினியில் சின்ன 'கே' தட்டினால் 'ம' தெரியும். பெரிய 'ஜே' தட்டினால் 'து'. 'ஐ' தட்டினால் 'ரை'யில் வரும் அந்த இணைக்கொம்பு. 'யூ' தட்டினால் 'ர'. ஆக, 'கே, ஜே, ஐ, யூ' என்று நான்கு எழுத்து தட்டினால் மதுரை. தமிழ் டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு விரல் தானாகப் போகும் வரிசை இது.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது என்றைக்குமே ஆங்கிலம்தான். எழுத்துரு என்ற வேஷத்தைக் கலைத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொரு எழுத்துருவில் படிக்க முடியாது.

இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பல பேர் பாடுபட்டார்கள். இணையத்தில் இருந்த தமிழர்கள் சேர்ந்து 'டிஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற குறியீடுகளையும், இன்று நம் செல்போனிலும் இருக்கும் தமிழ் 99 விசைப்பலகையையும் முன்வைத்தது. இதற்கிடையில் 1991-இலேயே வெளியான யூனிகோடு முதல் பதிப்பில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2944-ஆம் எண்ணில் தொடங்கி 3071 வரை அது தமிழின் சொந்தப் பட்டா நிலம். வேறு மொழி அங்கே குடியேற முடியாது. 2010-இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய 'மதுரைத் திட்டம்' இந்த எல்லா மாற்றங்களையும் நேரில் பார்த்தது. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது அது. பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து பழைய நூல்களை டைப் செய்து, இலவசமாக இணையத்தில் ஏற்றினார்கள். முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்கள். 1999 முதல் டிஸ்கி. 2004 வாக்கில் யூனிகோடு. ஒவ்வொரு முறையும் எல்லா நூலையும் மறுபடி கையால் டைப் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாற்றித் தரும் நிரல்கள்தான் அந்த உழைப்பைக் காப்பாற்றின. அதே வேலையைத்தான் நாம் ஒரு வீட்டு மேசையில் செய்யப்போகிறோம்.

முதலில் நகல்

நான் போவதற்குள் தம்பி ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். சிடியில் இருந்து ஒரு கோப்பை டெஸ்க்டாப்புக்கு எடுத்து, மாற்றும் கட்டளையைக் கொடுத்து, விடையையும் அதே பெயரில் சேமிக்கச் சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்தால் கோப்பின் அளவு பூஜ்யம். முகம் வெளுத்துவிட்டது.

இது நிறைய பேர் விழும் பள்ளம். கட்டளையின் கடைசியில் '>' குறி போட்டு ஒரு பெயர் கொடுத்தால், கறுப்புத் திரை முதலில் செய்வது அந்தப் பெயருள்ள கோப்பைத் துடைத்துக் காலியாக வைப்பதுதான். பிறகுதான் கட்டளையே ஓட ஆரம்பிக்கும். படிக்க வேண்டிய கோப்பும் அதுவே என்றால், கட்டளை வந்து பார்க்கும்போது அங்கே படிக்க எதுவும் இருக்காது. சோறு போடும் முன் இலையைத் துடைப்பது சரி, சோற்றுப் பானையையே துடைத்தால்?

நல்லவேளை, சிடியில் யாரும் திரும்ப எழுத முடியாது. மூலம் பத்திரமாக இருந்தது. உங்கள் பென்டிரைவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் முதல் கட்டளை எப்போதும் இதுதான்:

சிபி -ஆர் மூலம் நகல்

'சி பி' என்றால் காப்பி. '-ஆர்' என்றால் உள்ளே இருக்கும் அடைவுகளையும் சேர்த்து. 'மூலம்' என்ற அடைவை அப்படியே 'நகல்' என்ற பெயரில் படியெடுக்கும். இனி கை வைப்பதெல்லாம் நகலில். விடை போவதற்குத் தனியாக ஒரு அடைவு:

எம்கேடிர் புதிது

மூலம், நகல், புதிது. மூன்று அடைவு. இந்தப் பழக்கம் ஒன்று இருந்தால் மற்ற தவறுகளையெல்லாம் திருத்திக்கொள்ளலாம்.

எந்தப் பூட்டு என்று பார்

61 கோப்பும் ஒரே மாதிரி இல்லை. வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால் அதன் முதல் சில வரிகளைப் பார்க்க 'ஹெட்' என்ற கட்டளை போதும். கண்ணால் பார்த்தே ஓரளவு பிரித்துவிடலாம். சாதாரண ஆங்கில எழுத்தும் ஊடே ஊடே அரைப்புள்ளியும் வந்தால் பாமினி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டிஸ்கி போன்ற குறியீடு, ஏனென்றால் அது ஆங்கிலத்தைத் தொடாமல் 128-க்கு மேற்பட்ட எண்களைப் பயன்படுத்தியது.

கடையில் அடித்த 48 கோப்பும் பாமினி, வேர்டு ஆவணங்களாக இருந்தன. சித்தப்பா அனுப்பிய 13 கோப்பும் வெறும் எழுத்துக் கோப்புகள், டிஸ்கி. சிங்கப்பூர், மலேசியாப் பக்கம் அப்போது பலரும் வைத்திருந்த முரசு அஞ்சல் மென்பொருளில் அடித்தது.

டிஸ்கிக்கு ஒரே வரி

லினக்ஸ் கணினியில் 'ஐகான்வ்' என்று ஒரு கட்டளை உண்டு. ஐ, சி, ஓ, என், வி என்று ஐந்து எழுத்து. ஒரு குறியீட்டில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றுவது மட்டுமே அதன் வேலை. லினக்ஸின் அடித்தளமான ஜி-லிப்-சி நிரல் தொகுப்பில் டிஸ்கிக்கான மாற்றி 2002-இலேயே எழுதப்பட்டுவிட்டது. உபுண்டு போட்ட பலருக்கும் தங்கள் கணினிக்குள் இப்படி ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பது தெரியாது.

ஐகான்வ் -எஃப் டிஸ்கி -டி யூடிஎஃப்-8 நகல்/வைகை > புதிது/வைகை

'-எஃப்' என்றால் 'இதிலிருந்து'. '-டி' என்றால் 'இதற்கு'. டிஸ்கியை டி, எஸ், சி, ஐ, ஐ என்று பேரெழுத்தில் தட்டவும். இடது பக்கம் நகல், வலது பக்கம் புதிது என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே சொன்ன பூஜ்யம்தான்.

உங்கள் கணினியில் இந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க 'ஐகான்வ் -எல்' என்று தட்டினால் நீளமான பட்டியல் வரும். அதில் டிஸ்கியைத் தேடுங்கள். விண்டோஸ்காரர்கள் 'டபிள்யூஎஸ்எல்' மூலம் உபுண்டுவை நிறுவி இதே கட்டளையைக் கொடுக்கலாம்.

13 கோப்புக்கும் 13 முறை தட்ட வேண்டாம். ஒரு சுற்று போதும். 'நகல்' அடைவுக்குள் டிஸ்கி என்று ஒரு அடைவு வைத்து, அந்தக் கோப்புகளை அதில் போட்டு, அதற்குள் நின்றுகொண்டு:

ஃபார் எஃப் இன் *; டூ ஐகான்வ் -எஃப் டிஸ்கி -டி யூடிஎஃப்-8 "$எஃப்" > "../../புதிது/$எஃப்"; டன்

'இங்கே இருக்கும் ஒவ்வொன்றையும் எடு, மாற்று, புதிதில் வை, முடிந்தது' என்று அர்த்தம். இரட்டை மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால், குறி இல்லாதபோது கட்டளை அதை இரண்டு கோப்பாக நினைத்துக் குழம்பும். இந்த இரண்டு மேற்கோள் குறியை மறந்து அரை நாளைத் தொலைத்த அனுபவம் எனக்கே உண்டு.

என்டர் தட்டியதும் 13 கோப்பும் தமிழில் வந்து நின்றன. சித்தப்பா அடித்த ஆற்று அத்தியாயம் அப்படியே இருந்தது. தம்பியின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

பாமினிக்கு விதிப் பட்டியல்

பாமினி, ஐகான்வுக்குத் தெரியாது. அது ஒரு எழுத்துருவின் பழக்கம்தானே தவிர, பதிவு செய்த குறியீடு இல்லை. முதலில் வேர்டு ஆவணங்களை வெறும் எழுத்துக் கோப்பாக்க வேண்டும். லிப்ரே ஆபீஸைத் திரை திறக்காமல் 'ஹெட்லெஸ்' முறையில் ஓட்டினால் 48-ஐயும் ஒரே மூச்சில் மாற்றித் தந்துவிடும்.

பிறகு எழுத்து மாற்றம். தம்பி ஆர்வத்தில் தானே ஒரு விதிப் பட்டியல் எழுதியிருந்தார். 'செட்' என்ற கட்டளைக்கு 'இதைக் கண்டால் அதைப் போடு' என்று வரிவரியாக விதி கொடுக்கலாம். கேட்க எளிது. ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு.

'ரை' என்று எழுதும்போது நம் கண்ணுக்கு இணைக்கொம்பு முதலில், 'ர' பிறகு. டைப்ரைட்டரும் அப்படித்தான், பாமினியும் அப்படித்தான். யூனிகோடில் நேர் எதிர். 'ர' முதலில், கொம்பு பிறகு. நாம் வாயால் சொல்லும் வரிசை அது. அதனால் 'ஐ' வந்தால் கொம்பு, 'யூ' வந்தால் 'ர' என்று ஒவ்வொன்றாக மாற்றினால், கொம்பு முந்தைய எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'மதுரை' கெட்டுவிடும். 'ஐ, யூ' இரண்டும் சேர்ந்து வந்தால் 'ரை' என்று ஜோடி விதியை முதலில் எழுத வேண்டும். ஒற்றை விதிகள் எல்லாம் அதற்குப் பிறகு. பெரிய கல்லை முதலில் போட்டு, பிறகு மணலைக் கொட்டுகிற மாதிரி. தம்பி இதைச் சரியாகவே செய்திருந்தார்.

ஆங்கிலம் கலந்த வரிகளில் மட்டும் வேடிக்கை. தாத்தா ஓர் இடத்தில் மதுரை என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்த ஏழு எழுத்தையும் பாமினி என்று நினைத்து மாற்றியதில் 'ஆயனரசயை' என்று ஏதோ ஒரு பழைய ராஜா பெயர் போல வந்து நின்றது. அப்பத்தா சிரித்துவிட்டார். இப்படிப்பட்ட இடங்களுக்குக் குறுக்கு வழி இல்லை, உட்கார்ந்து படித்துத்தான் திருத்த வேண்டும்.

ஊரைக் காணவில்லை

எல்லாம் முடிந்தது. புதிது அடைவில் 61 கோப்பு. திறந்தால் முத்து முத்தாகத் தமிழ். தம்பி உற்சாகமாக 'கிரெப்' கட்டளையைக் கொடுத்தார். தேடித் தருவதற்கு அதை மிஞ்ச ஆள் இல்லை.

கிரெப் -ஆர் -என் கொடுக்காப்புளி புதிது

'-ஆர்' என்றால் அடைவு முழுக்க. '-என்' என்றால் வரி எண்ணோடு. விடை ஒன்றும் இல்லை.

"இல்லையாமாப்பா?" என்றார் அப்பத்தா. குரல் இறங்கிவிட்டது. கீரையை வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, கோச்சடைன்னு தேடு" என்றேன். தேடினார். டிஸ்கியிலிருந்து வந்த கோப்புகளில் மட்டும் சில வரிகள் வந்தன. கடையில் அடித்த 48 கோப்பில் ஒன்றுகூட இல்லை. ஊரைப் பற்றியே எழுதிய புத்தகத்தில் ஊரின் பெயர் இல்லை என்கிறது கம்ப்யூட்டர். ஆனால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் கோச்சடை என்று கண் முன்னால் இருக்கிறது!

இங்கேதான் 'டபிள்யூசி' என்ற இரண்டெழுத்துக் கட்டளை கைகொடுத்தது. எண்ணிச் சொல்வது அதன் தொழில். '-சி' போட்டால் பைட், '-எம்' போட்டால் யூனிகோடு எழுத்து, '-எல்' போட்டால் வரி.

கோச்சடை என்பது நமக்கு நான்கு எழுத்து: கோ, ச், ச, டை. யூனிகோடு இதை ஏழாக எண்ணும்: க, ஓகாரக் குறி, ச, புள்ளி, ச, ட, இணைக்கொம்பு. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 21. தம்பியை விசைப்பலகையில் புதிதாகத் தட்டி எண்ணச் சொன்னேன். 21. கோப்பிலிருந்து அதே சொல்லை எடுத்து எண்ணச் சொன்னேன். 24. கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு வேறு!

காரணம் இதுதான். 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பின்னால் ஓகாரக் குறி என்று ஒரே குறியாக ஒரு விதம். 'க'வுக்குப் பின்னால் ஏகாரக் கொம்பு, அதற்குப் பின்னால் கால் என்று இரண்டு குறியாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஆனால் கிரெப் விதிப் புத்தகம் படிக்காது, பைட்டைத்தான் பார்க்கும். தம்பியின் பட்டியலில் 'கே'வுக்கு ஒரு விதி, காலுக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருந்தது. 'கோ' எல்லாம் 'கே'யும் காலுமாகப் பிரிந்தே தங்கிவிட்டது. 'கொ', 'சொ', 'தோ', 'போ' எல்லாவற்றுக்கும் அதே கதி. கொடுக்காப்புளியும் அதனால்தான் சிக்கவில்லை.

பிரிந்ததைச் சேர்த்து வைக்க ஒரு கட்டளை:

யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி பழையது > சேர்ந்தது

யூ, சி, ஓ, என், வி. உபுண்டுவில் ஐசியூ கருவிகளை நிறுவினால் கிடைக்கும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு 'யூனிகோடுடேட்டா' என்ற தொகுதியில் 'நார்மலைஸ்' என்று இதே வேலைக்கு ஒரு செயல்கூறு உண்டு.

உங்கள் அலுவலகப் பட்டியலில் ஒருவர் பெயர் கண்ணுக்குத் தெரிந்தும் தேடினால் வரவில்லை என்றால், 'இல்லை' என்று சொல்லிவிடுவதற்கு முன் இதைச் சோதியுங்கள். கோமதி, சொக்கர், பொன்னி, மோகன் என்று எத்தனை பெயரில் இந்தக் குறி வருகிறது! ஒருவருக்கு வர வேண்டிய பணமோ சான்றிதழோ மூன்று பைட் வித்தியாசத்தில் நின்றுபோகக் கூடாது.

பாமினிக்குச் சொந்தமாக விதி எழுதுவதைவிட நல்ல வழியும் உண்டு. 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற பைத்தான் தொகுப்பில் பாமினி உட்பட பல பழைய எழுத்துருக்களை மாற்றும் நிரல்கள் தயாராக இருக்கின்றன. தமிழ் ஆர்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தது. பலர் சோதித்த பாதையில் போவது நல்லது. அப்படி மாற்றினாலும் யூகான்வ் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அது எதையும் கெடுக்காது.

எண்ணிப் பார், வரிசை பார்

அச்சகத்துக்கு அனுப்பும் முன் இரண்டு சோதனை. ஒன்று, 'டபிள்யூசி -எல்' கொடுத்து எழுத்துக் கோப்பாக இருந்தபோதைய வரிக் கணக்கும் மாற்றிய பிறகான வரிக் கணக்கும் ஒன்றா என்று பார்ப்பது. ஒரு கோப்பில் பாதியில் நின்றுபோயிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பின்னிணைப்பு. தாத்தா ஊரில் வழங்கிய சொற்களைப் பட்டியல் போட்டிருந்தார். அதை அகர வரிசைப்படுத்த 'சார்ட்' கட்டளையைக் கொடுத்தார் தம்பி. தமிழ் வாத்தியார் புத்தகத்தில் அகர வரிசை தப்பாக வந்தால் நன்றாக இருக்குமா? வெறும் எண் வரிசையில் பார்த்தால் மரம், மறம், மலர் என்று வரும். ஏனென்றால் யூனிகோடில் 'ர'வுக்கு அடுத்த வீடு 'ற'. 'ந'வுக்கு அடுத்த வீடு 'ன'. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்ட வரிசையிலிருந்து வந்தது அது. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி. மரம், மலர், மறம் என்பதுதான் சரி. கணினியில் தமிழ் 'லொகேல்' அமைப்பை நிறுவி, அதைச் சொல்லி சார்ட் கட்டளையைக் கொடுத்தால் ற, ன கடைசிக்குப் போய்விடும். மெய்யெழுத்து வரும் இடங்களை மட்டும் ஒரு முறை கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மரம் கிடைத்தது

யூகான்வ் ஓட்டிய பிறகு மறுபடி கிரெப். இந்த முறை நான்கு வரிகள். மூன்றில் சும்மா பெயர் மட்டும். நான்காவது, 37-ஆம் கோப்பில்.

வீட்டுக்குப் பின்னால் அப்பத்தா கல்யாணமான புதிதில் நட்டு வளர்த்த மரம் அது. ஒரு நாள் அப்பத்தா அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் தாத்தா ஆள் வைத்து வெட்டிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அந்த ஆற்றாமை அப்பத்தாவுக்கு இருபது வருடத்துக்கு மேலாக இருந்திருக்கிறது.

தம்பி வாசித்தார். அடிமரம் முழுக்கக் கரையான் அரித்து உள்ளே கூடாகிவிட்டதாகவும், காற்றுக்கு ஓட்டின் மேல் சாய்ந்துவிடும் என்று இரண்டு மாதம் தூங்காமல் இருந்ததாகவும் தாத்தா எழுதியிருந்தார். அவள் கையால் வைத்த மரம், நிற்கும்போது சொன்னால் வெட்ட விடமாட்டாள், வெட்டிய பிறகு சொல்ல வாய் வரவில்லை என்று முடித்திருந்தார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"கரையான்னு அப்பவே சொல்லிருக்கலாம்ல" என்றார் அப்பத்தா. பிறகு, "காப்பி போடுறேன், குடிச்சிட்டுப் போங்க" என்று எழுந்து உள்ளே போனார்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் பழைய சிடியோ பென்டிரைவோ இருந்தால் இந்த வாரமே எடுத்துப் படியெடுத்து வையுங்கள். சிடியும் நிரந்தரம் இல்லை, அதைப் படிக்கும் டிரைவும் புது லேப்டாப்புகளில் வருவது குறைந்துவிட்டது. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் 'டெர்மக்ஸ்' செயலியைப் போட்டு சிபி, ஹெட், டபிள்யூசி, கிரெப் நான்கையும் பழகலாம். உங்கள் பெயரைத் தட்டி எத்தனை எழுத்து, எத்தனை பைட் என்று எண்ணிப் பாருங்கள். 'எக்கோ' மூலம் கொடுத்தால் வரி முடிவுக்கு ஒன்று கூடுதலாக வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 'மதுரை'க்கு 3 எழுத்து, 5 குறி, 15 பைட் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்த வாரம்: போனில் ஒரே போட்டோ நான்கு இடத்தில் கிடந்து இடத்தை அடைக்கிறதா? பெயர் வேறாக இருந்தாலும் இரட்டையரைக் கண்டுபிடிக்கும் கட்டளை ஒன்றைப் பார்ப்போம்.